நன்றியில் விட்டுப்போன பேர்

ஹெல்காவுக்கு எது மறந்தாலும் பட்ட அவமானம் மறக்காது. துர்கு நகரத்தில் அவளோடு பழகிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

வானியல் படித்த காலத்தில் பட்டது அது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதினால், கண் இமைக்கும் நேரத்துக்குக் காமாக் கதிர் வெடித்து அடங்கும். அந்த வெடிப்புக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? மோதியதுமே கருந்துளை பிறந்துவிடும், சிதறியதை அது விழுங்கும்போது பீய்ச்சுவதுதான் அந்தக் கதிர் என்பது பேராசிரியர் ஸ்டென்வாலின் கட்சி. ஹெல்கா ஆராய்ந்த வெடிப்பிலோ, காமா அடங்கிய பிறகும் எக்ஸ்-கதிர் மங்காமல் நின்று எரிந்தது. பிறகு திடீரென்று அணைந்தது. மோதிய இரண்டும் ஒன்றாகி, அசுர வேகத்தில் சுழலும் காந்தமாகக் கொஞ்ச நேரம் பிழைத்திருக்கிறது, சுழற்சி தளர்ந்த பிறகே கருந்துளைக்குள் சரிந்திருக்கிறது என்றாள் அவள்.

நிறைந்த சபையில் ஸ்டென்வால் கேட்டார்: "ஏம்மா, செத்த பொணம் குறட்டை விடுமா?"

சபை குலுங்கிச் சிரித்தது. 'குறட்டை ஹெல்கா' என்ற பேர் அன்றைக்கு ஒட்டியது. அவர் அவளுடைய ஆய்வேட்டைத் தள்ளிவிட்டார். அவள் சாலோ ஊருக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினாள், கல்யாணம் செய்துகொண்டாள், உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம், அதே மாதிரி நின்று எரிந்து அணைகிற வெடிப்புகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் காந்தத்தின் கட்சியைப் பார்த்துச் சிரிக்கிறவன் இப்போது எவனும் இல்லை. யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா? ஹெல்கா திரும்பி வந்தாள், வேறொருவரிடம் சேர்ந்தாள், ஆய்வேட்டை முடித்தாள், சபையில் வாதாடி ஜெயித்தாள்.

ஜெயித்த அன்று மாலை விருந்து வைப்பது அங்கே வழக்கம். கரோன்கா என்பார்கள். அதில் ஒரு கண்டிப்பான முறை உண்டு: புது டாக்டர் எழுந்து யார் யாருக்கு நன்றி சொல்கிறாரோ அவர்கள்தான் பேசலாம், சொன்ன வரிசைப்படியே. பேர் வராதவர் வாயைத் திறக்கக்கூடாது.

ஹெல்கா ஸ்டென்வாலை அழைத்திருந்தாள்.

"அந்த ஆளை எதுக்குடி கூப்பிட்ட?" என்றான் புருஷன் ஆர்வோ.

"வாயை மூடிக்கிட்டுத் திங்கட்டும்னுதான்."

கிழவர் கறுப்பு உடுப்பில் வந்து உட்கார்ந்தார். ஹெல்கா எழுந்து முதலில் தன்னை எதிர்த்து வாதாடியவருக்கு நன்றி சொன்னாள், பிறகு வழிகாட்டிக்கு, ஆர்வோவுக்கு, உணவகத்தில் காப்பி ஊற்றும் ஸோய்லிக்குக்கூட. ஒவ்வொரு பேருக்கு முன்பும் ஸ்டென்வால் நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், மறுபடி தளர்ந்தார். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஸோய்லி பேசி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அவர் மட்டும் சால்மன் மீனின் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பேசி முடித்ததும் அவர் எழுந்து போய்க் கோட்டை மாட்டினார். ஹெல்கா பின்னாலேயே போனாள். அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்காமல் விட அவளுக்கு மனமில்லை.

"ஏதோ பேசணும்னு வந்தீங்க போல, புரொஃபசர்?"

"ரெண்டு வார்த்தைதாம்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு, நீ சொன்னதுதான் சரி. சபையில வச்சுச் சிரிச்சேன், சபையில வச்சே சொல்லலாம்னு வந்தேன்."

ஹெல்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க. இப்பவே உங்களுக்கு நன்றி சொல்றேன். எல்லாரும் இருக்காங்க, வாங்க!"

"நன்றி சொல்லி முடிச்சாச்சேம்மா. முறைன்னா முறைதானே?" அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் பனியில் இறங்கினார்.

அவள் உள்ளே ஓடிவந்தாள். "கிழவர் ஒத்துக்கிட்டார்! நான்தான் சரின்னு அவர் வாயாலயே சொன்னார்!"

மேசையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாவம், கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆர்வோதான் கேட்டான்: "அவர் சொன்னதை யாரு கேட்டா?"