கிட்டுசாமிக்கு வந்த ஊர்ச் சாப்பாடு

மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய்வரும் தூரத்திலிருக்கிற வெஸ்ட் வின்ட்சரில் செப்டம்பர் கடைசியில் காற்று மாறும். காலையில் காரை எடுக்கும்போது கை சில்லிடும். மத்தியானம் பார்த்தால் ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடிக்கும். அந்த வாரம் பார்த்து கிட்டுசாமி சூப் வைக்க ஆரம்பித்துவிடுவார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. சமையலில் அவருக்குத் தெரிந்தது இந்தச் சூப் ஒன்றுதான். அந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் மனைவி எழிலரசியைக்கூட விடமாட்டார்.

காலிஃபிளவர் தண்டு, கொத்தமல்லிக் காம்பு, பாதி வாடிய கேரட், ஒரு கீற்று பரங்கிக்காய், ஒரு பிடி பாசிப்பருப்பு. எல்லாவற்றையும் குக்கரில் குழைய விட்டு மசித்து, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, சின்ன வெங்காயத்தை நெய்யில் சிவக்க வதக்கி மேலே கொட்டுவார். அவ்வளவுதான் வேலை. இதற்குக் காய் வாங்க அவருக்கென்று ஓர் இடம் உண்டு. இந்தியக் கடையின் பின்மூலையில் அடிபட்ட காயையும் வதங்கிய காயையும் பையில் கட்டி அடிமாட்டு விலைக்குப் போட்டிருப்பார்கள். மசிக்கப்போகிற காய்க்கு மினுமினுப்பு எதற்கு என்பது அவர் கட்சி. எழிலரசிக்கு அது கஞ்சத்தனம், அவருக்கு அது புத்தி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு தீர்ப்பாகாமல் கிடக்கிறது.

இந்த வருஷமும் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்த லீவில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எந்த மகராசன் லீவு நாளில் சவரம் செய்துகொள்வான்? ஒரு வாரத்துத் தாடியோடு, பழைய ஸ்வெட்டரில், பின்மூலையில் குனிந்து பை பையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் எதிரே அனந்தலக்ஷ்மி. அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற அம்மாள். தாடியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வேலை நாளில் காலை பதினொரு மணி என்பதையும் சேர்த்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லீவு என்று சொல்லியிருப்பார் மனிதர். கேட்பதுதான் அநாகரிகம், கேட்காமலே முடிவு கட்டிக்கொள்வது அநாகரிகம் இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. வாசலில் ஒரு அலுமினிய டிரே நிறைய வெஜிடபிள் பிரியாணி. வைத்தவர் காரில் ஏறிக் கிளம்பிவிட்டிருந்தார். நவராத்திரி வரப்போகிறதே, யாரோ முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து கிட்டுசாமி இரண்டு தட்டு சாப்பிட்டார். மறுநாள் சப்பாத்தியும் குருமாவும் வந்தன. அதற்கு மறுநாள் ஒரு எவர்சில்வர் தூக்கில் பருப்பு சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இதைக் கொண்டுவந்தவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் சாய்ராம். கிட்டுசாமியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று ராத்திரிதான் எழிலரசியின் சிநேகிதி ஒருத்தி ஆறுதல் சொல்லப் போன் செய்து, விஷயம் வெளியே வந்தது. வந்ததெல்லாம் மீல் டிரெயின். யார் வீட்டிலாவது பிரசவம், ஆபரேஷன், சாவு என்றால், குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு தினம் ஒருவர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு. கிட்டுசாமிக்கு வேலை போய்விட்டது, அழுகல் காய் பொறுக்கிச் சூப் வைத்துக் குடிக்கிறார்கள் என்று குழுவில் செய்தி போயிருக்கிறது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? போட்டி போட்டுக்கொண்டு முறை எடுத்திருக்கிறார்கள்.

கிட்டுசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரத்தானே செய்யும்! ஒருநாளும் யாரிடமும் கை நீட்டாத மனுஷனை உயிரோடு உட்காரவைத்து ஊரே வாய்க்கரிசி போட்டால் யாருக்குத்தான் வராது? போதாததற்கு, வேறு ஊரில் காலேஜ் படிக்கிற மகள் வெண்பா மறுநாள் காலையிலேயே கூப்பிட்டாள். அவளுடைய சிநேகிதியின் அம்மா மூலமாகச் செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. "அப்பா, ஐ கேன் டேக் எ செமஸ்டர் ஆஃப்" என்றாள் குரலைத் தாழ்த்தி. ஒரு பருவம் படிப்பை நிறுத்தினால் ஃபீஸ் மிச்சமாம். அப்பனுக்குச் சம்பளம் வருகிறது என்று மகளை நம்பவைப்பதற்குள் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தான் சேர்த்துவைத்திருந்த சொத்தே இந்தப் பெண் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான், அதில் கை வைத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆறவில்லை.

"நல்ல எண்ணத்துல பண்ணியிருக்காங்க. விடுங்களேன்" என்றாள் எழிலரசி.

"நல்ல எண்ணம் இருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்காம கொள்ளாம ஊரெல்லாம் லேஆஃப்னு சொல்ல இவங்க யாரு?"

குழுவில் போடுவதற்கு நீளமாக ஒரு செய்தி எழுதிவைத்தார். எனக்கு வேலை இருக்கிறது, மூளையும் இருக்கிறது, இரண்டும் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு அனுப்பவும் என்று முடித்திருந்தார். கடைசி வரியை எடுக்கச் சொல்லி எழிலரசி கெஞ்சிப் பார்த்தாள். அதை அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஆளிடமாவது நேரில் சொல்லித் தீர்த்துக்கொண்டால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. சாய்ராமின் தூக்குதான் கண்ணில் பட்டது. ஆத்திரத்திலும் அதை வெறுமையாகத் திருப்பக் கை வரவில்லை. வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அடுப்பிலிருந்த சூப்பை அதில் ஊற்றி மூடிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கிளம்பினார். சாய்ராம் ரயிலேறி மன்ஹாட்டன் போயிருப்பார், அவர் மனைவி அஞ்சனா வீட்டிலிருந்து வேலை செய்பவள், அவளிடமே வெளுத்து வாங்கிவிடலாம் என்று சொல்லவேண்டியதை வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்தது சாய்ராம். லுங்கியும் பனியனும். கிட்டுசாமி வாயைத் திறப்பதற்குள் அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டார். மாடியில் அஞ்சனா ஏதோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது.

"எனக்கு ஜூலைலயே போயிடுச்சு சார்" என்றார் சாய்ராம் தணிந்த குரலில். "வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ல அப்பா அம்மாவுக்கும் சொல்லல. உங்களுக்கு மீல் டிரெயின்னு வந்ததும் முதல் ஆளா பேர் குடுத்தேன். குடுக்கலைன்னா ஏன் குடுக்கலைன்னு யோசிப்பாங்க."

கிட்டுசாமி கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தார். வேலையில்லாத இந்த மனிதன், வேலையிலிருக்கிற தனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறான். தன் நிலைமை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்கிற ஒரே பயத்தில். அவரும் அதை உட்கார்ந்து தின்றிருக்கிறார். இது என்ன ஊர், இது என்ன மானம்! இரக்கப்படவென்று தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தின் மேல் வந்த கோபத்தில் கொஞ்சம் தன் மேலும் திரும்பியது. வேலை போனவன் என்று சொல்லிவிட்டார்களே என்று தானும்தானே குதித்துக்கொண்டு வந்தோம், அது என்ன அப்படியொரு அசிங்கமா என்று நினைத்தபோது முகம் சுட்டது.

சாய்ராம் தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். மாதக்கணக்கில் பேச்சுத்துணை இல்லாதவரைப் போல விடாமல் பேசினார். இன்டர்வியூக்களில் கேட்ட கேள்விகள், பதிலே வராத ஈமெயில்கள், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்று காலையில் பையோடு ஸ்டேஷன்வரை போய்த் திரும்புவது. பேசப்பேச முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. கையெட்டும் தூரத்தில் இன்னொருவனும் தன்னைப்போலவே விழுந்து கிடக்கிறான் என்ற தெம்பு அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"உங்களுக்கு எப்ப சார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

வழிநெடுக ஒத்திகை பார்த்த வார்த்தை கிட்டுசாமியின் நுனிநாக்கில்தான் இருந்தது. சாய்ராமின் தெளிந்த முகத்தைப் பார்த்தார்.

"இந்த மாசந்தானுங்க" என்றார் கிட்டுசாமி.