திலக் நகரில் இரண்டு ஜக் ஆரஞ்சுச் சாறு

டிசம்பர் 28, 1986. மெட்ராஸிலிருந்து கிளம்பிய வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக தாதர் நிலையத்துக்கு வந்து நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து மெட்ராஸுக்கு ஓர் இரவு. அங்கிருந்து பம்பாய்க்கு ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். இன்னோர் இரவும் பகலும். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் இப்படி ஒரு தூரத்தை நினைத்துப் பார்க்க முடியும். தங்கை எஸ்தர் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய்ப் பதினோரு வருடமாயிற்று. நான் அவள் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

பிளாட்பாரத்தில் எஸ்தர் மட்டும் நின்றிருந்தாள். அவள் கணவர் ஞானராஜுக்கு அன்று ஷிப்ட். செம்பூர் திலக் நகருக்கு டாக்சி இருபத்தாறு ரூபாய் ஆயிற்று. சயான் தாண்டும்வரை ஊர்க் கதை கேட்டுக்கொண்டு வந்தவள், அதற்குப் பிறகு டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டதுபோல முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீ வந்தது நல்லதாப் போச்சுக்கா. புத்தாண்டு அன்னைக்கு அவிய ஆபீசர் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாராரு. அவருக்குக் காக்டெயில் போடணும்."

"என்ன போடணும்?"

"காக்டெயில். ஆரஞ்சுச் சாத்துல சாராயம் கலந்து குடுக்கறது."

ஆபீசர் பெயர் தேஷ்முக். ஞானராஜ் ஃபிட்டராக இருக்கும் தொழிற்சாலைக்கு ஜூன் மாதம் நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். குளிர்காலத்தில் நாக்பூர் ஆரஞ்சு வரத்து தொடங்கிவிட்டால் அதன் சாற்றில் ஜின் கலந்து குடிப்பது அவர் ஊர் வழக்கமாம். "இந்த வருஷம் உங்க வீட்டுல" என்று அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். ஞானராஜ் வேலை பார்க்கும் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியாள் கேட்கலாம். எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஞானராஜ் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். இந்த வருடத் தொடக்கத்தில் குடித்துவிட்டு வேலைக்குப் போய், ஒரு மாதம் சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த ஈஸ்டரிலிருந்து தொடவில்லை. தேஷ்முக் அதற்குப் பின்னால் வந்தவர். அவருக்கு எதுவும் தெரியாது.

"முடியாதுன்னு சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா பழசெல்லாம் வெளிய வரும். எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். நானே கலக்குதேன். அவிய பாட்டிலத் தொட வேண்டாம். ரெண்டு ஜக். ஒண்ணுல வெறும் ஜூஸ், ஒண்ணுல அது. அவிய கிளாஸ்ல ஜூஸ ஊத்திருவேன். பாக்க ஒரே மாதிரிதான இருக்கும்."

டிசம்பர் 30. எஸ்தர் லீவு போட்டாள். இருவரும் காலையில் திலக் நகரில் ரயில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினோம். மாட்டுங்கா மார்க்கெட் அங்கிருந்து நடக்கும் தூரம். அங்கே வெற்றிலை, முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் தமிழில் பேரம் பேசி வாங்கலாம் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். பழக்காரர் பாலக்காட்டுக்காரர். நெற்றியில் பொட்டில்லாத என்னைக் கூசாமல் "மாமி" என்று கூப்பிட்டார்.

"நாக்பூர் சரக்கு மாமி. தோல் லூஸா இருக்கோ இல்லியோ பாருங்கோ. சர்க்கரையே வேண்டாம்."

டஜன் பன்னிரண்டு ரூபாய் என்றார். எஸ்தர் பத்துக்கு முடித்து இரண்டு டஜன் வாங்கினாள். அரை டஜன் எலுமிச்சையும். திரும்ப ரயில் ஏறி அடுத்த நிலையமான மாஹிமில் இறங்கினோம்.

மாஹிமில் லீனா இருந்தாள். எஸ்தரோடு மருந்துக் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்ப்பவள். கோவாக்காரி. மேசை மேல் குழந்தை இயேசுவும், அதற்குப் பக்கத்தில் நாங்கள் சொல்லி வைத்திருந்த ஜின் பாட்டிலும் இருந்தன. பம்பாயில் மது வாங்கவும் வைத்திருக்கவும் பெர்மிட் வேண்டும். லீனாவின் அண்ணன் தன் பெர்மிட்டில் வாங்கியிருந்தார். விலை அறுபத்தெட்டு ரூபாய். இரண்டு டஜன் பழத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

லீனா இந்தியில் சொல்லச் சொல்ல எஸ்தர் எனக்குத் தமிழில் சொன்னாள். பழத்தோலை வெள்ளை வராமல் மெல்லியதாகச் சீவ வேண்டும். அதைச் சர்க்கரையோடு பிசைந்து நாலு மணி நேரம் வைத்தால் தோலின் எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். அதில் ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. மூன்று பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு ஜின். சோடா கடைசியில், முன்னாலேயே ஊற்றினால் செத்துப்போகும்.

"கடைசியா ருசி பாக்கணுமாம். ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால அளவ நம்பக்கூடாதுங்கா."

"நீயே வந்து பாத்துக் குடுத்திரேன்" என்று எஸ்தர் லீனாவைக் கேட்டாள். லீனாவுக்குப் புத்தாண்டு அன்று பாந்த்ராவில் அக்கா வீட்டு விருந்து. ருசி பார்க்க என்ன கஷ்டம் என்று அவளுக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி ஆரஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, மாஹிம் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டித் தாராவிப் பக்கம் இறங்கினோம். எஸ்தர் வீட்டில் கண்ணாடி கிளாஸ் கிடையாது. தாராவியில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் காதர் பாயின் கடையில் ஆறு கிளாஸும் இரண்டு ஜக்கும் எடுத்தோம். வாடகை ஆறு ரூபாய். அவர் மேலப்பாளையத்துக்காரர். நான் பாளையங்கோட்டை என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இரண்டு ஊரும் ஆற்றுக்கு இந்தக்கரை அந்தக்கரை இல்லை, ஒரே பக்கம்தான் என்று அவரே ஒரு நியாயமும் சொன்னார்.

"என்ன விசேசம்? சர்பத்தா?"

"ஆமா பாய்" என்றாள் எஸ்தர்.

"அப்ப கொஞ்சம் சப்ஜா வெதய ஊறப் போடுங்க. சூட்டுக்கு நல்லது. பைய இப்படி இறக்கி வைங்களேன், கனமா இருக்கு போலிருக்கே."

பையை நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். சயான் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் செம்பூர் திரும்பினோம். கூட்டத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கவனம் பைக்குள்தான் இருந்தது. வழியில் பார்த்திருக்க வேண்டிய எதையும் நான் பார்க்கவில்லை.

ஜனவரி 1. காலை ஆராதனைக்குப் போய்வந்து, பகல் பதினோரு மணிக்குத் தோலைச் சீவ உட்கார்ந்தோம். எஸ்தர் வீடு ஒரு அறையும் சமையல்கட்டும். சமையல்கட்டின் மூலையில் குளிக்கவும் துலக்கவுமான இரண்டடி மோரி. நாலு மணிக்கு ஞானராஜ் முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது நாங்கள் சாறு பிழிந்துகொண்டிருந்தோம். பாட்டில் திறந்திருந்தது. சமையல்கட்டு வாசலில் அவர் நின்றார், உள்ளே வரவில்லை. நான் அங்கே இருந்த நாட்களில் அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. தேநீர் மட்டும் ஓயாமல் குடிப்பார்.

"மைனி, கொட்டைய நசுக்கிராதீங்க. கசந்துரும்" என்றார். பிறகு, "ஐஸ் வாங்கிட்டு வந்துருதேன்" என்று ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐஸ் கடை தெருமுனையில். ஐந்து நிமிடத்தில் திரும்பலாம் என்று எஸ்தர் சொன்னாள்.

ஐந்து மணிக்கு சோடா தவிர எல்லாம் கலந்து முடிந்தது. இனி ருசி பார்க்க வேண்டும். எஸ்தர் ஒரு கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ பாருக்கா."

"நானா? வருஷா வருஷம் புள்ளைங்ககிட்ட மதுவிலக்கு உறுதிமொழி வாங்குறவ நான்."

"எனக்கு அந்த வாசமே ஆகாது. பத்து வருஷமா அந்த வாசத்தோடதான படுத்து எந்திரிச்சேன்."

கரண்டியை வாங்கி வாயில் விட்டேன். முதலில் மருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. தொண்டைக்குப் போகும்போதுதான் ஆரஞ்சு வந்தது. "உப்பு இன்னும் ஒரு சிட்டிகை" என்றேன். இரண்டாம் கரண்டிக்குப் பிறகு "எலுமிச்சை பத்தாது" என்றேன். நாலாவது கரண்டியில் சரியாக இருந்தது. ஐந்தாவதும் பார்த்தேன். காது சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மணி ஆயிற்று. ஞானராஜைக் காணோம். எஸ்தர் மீனை மசாலாவில் புரட்டினாள். புரட்டியதையே மறுபடி புரட்டினாள். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள்.

"ஐஸ் கடைக்குப் பக்கத்துலதான் அந்த பார் இருக்கு. அவிய வழக்கமாப் போற எடம்" என்றாள். நான் போய்ப் பார்த்துவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

ஆறரைக்குப் படியில் சத்தம் கேட்டது. ஞானராஜ் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. எஸ்தர் கிட்டே போய் நின்றாள். முகர்ந்து பார்க்கத்தான் போனாள் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் விலகாமல் நின்றார்.

"குர்லாவுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். பாதி கரஞ்சு போச்சு" என்றார்.

தெருமுனைக் கடையை விட்டுவிட்டு ஏன் குர்லா வரை போனார் என்று எஸ்தர் கேட்கவில்லை. சாக்கை வாங்கிக்கொண்டு போய் மோரியில் வைத்து ஐஸை உடைத்தாள்.

ஏழு மணிக்கு தேஷ்முக் மனைவியோடு வந்தார். பருத்த உடம்பு, உரத்த குரல், நல்ல சிரிப்பு. எஸ்தர் ஐஸும் சோடாவும் சேர்த்து மூன்று கிளாஸைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். தேஷ்முக்குக்கு ஜின் கலந்தது. அவர் மனைவிக்கும் ஞானராஜுக்கும் வெறும் சாறு. மூன்றும் ஒரே நிறம். ஜின் கலந்த ஜக்கையும் தேஷ்முக் முன்னால் வைத்துவிட்டு வந்து என்னோடு சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டாள். தேஷ்முக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அவரு ஊருல இருக்கிற மாதிரியே இருக்காம்" என்று எஸ்தர் என் காதோடு சொன்னாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கால் மணி நேரம் கழித்து, கிளாஸ் பாதி காலியானதைப் பார்த்து, தேஷ்முக் தானே ஜக்கை எடுத்து ஞானராஜின் கிளாஸில் ஊற்றப் போனார். நாங்கள் இதை யோசித்திருக்கவில்லை. எஸ்தரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஞானராஜ் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார். தேஷ்முக் சிரித்துக்கொண்டு, புத்தாண்டுக்கு என்ன கூச்சம் என்பதுபோல ஏதோ சொன்னார். ஞானராஜ் கையை எடுக்காமல் இந்தியில் பேச ஆரம்பித்தார். எஸ்தர் சிறிது பின்தங்கி, மூச்சோடு மூச்சாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என் கிளாஸ்ல இருக்கது வெறும் ஜூஸ் சார்ங்காவ... நான் குடிச்சா நிறுத்தத் தெரியாதவன்ங்காவ... போன வருஷம் குடிச்சிட்டு வேலைக்கு வந்து, ஒரு மாசம் சஸ்பெண்ட் ஆனேன்ங்காவ..."

அங்கே அவள் நிறுத்திவிட்டாள். தேஷ்முக் ஜக்கைக் கீழே வைத்தார். அவர் ஏதோ கேட்டார். ஞானராஜ் பதில் சொன்னார்.

"என்ன கேக்காரு?"

"ஃபைல்ல இருக்கான்னு கேக்காரு. இருக்கு சார்ங்காவ. நான் பாக்கலைங்காரு. பாத்துக்கோங்க சார்ங்காவ."

திருமதி தேஷ்முக்தான் அடுத்துப் பேசினார். தன் காலி கிளாஸை எஸ்தரைப் பார்த்து நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார். எஸ்தர் சாற்று ஜக்கைக் கொண்டுபோய் அவருக்கும், பிறகு எல்லோரும் பார்க்க ஞானராஜுக்கும் ஊற்றினாள். தேஷ்முக் தன் கிளாஸை முடித்தார், இரண்டாவது கேட்கவில்லை. மீன் வறுவலை நன்றாகச் சாப்பிட்டார். கிளம்பும்போது யார் கலந்தது என்று கேட்டார். எஸ்தர் என்னைக் காட்டினாள். அவர் எனக்குக் கைகூப்பினார்.

திருமதி தேஷ்முக் சமையல்கட்டுக்கு வந்தார். பாட்டிலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து மூடியை இறுக்கித் தன் பெரிய துணிப்பையில் வைத்துக்கொண்டார். போகிற போக்கில் எஸ்தரின் தோளை ஒரு தட்டு தட்டினார்.

ஜனவரி 3. தாதரில் என்னை வண்டியேற்ற இருவரும் வந்தார்கள். எஸ்தர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, "சும்மா ஜூஸுன்னு குடிச்சிட்டு இருந்திருக்கலாமே தம்பி. வேற ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லலாம் மைனி. அடுத்த வருஷமும் அவ ரெண்டு ஜக் வைக்கணும். இன்னொரு ஆபீசர் வந்தா அவருக்கும் வைக்கணும். நான் கடைக்குப் போனா ஜன்னல்ல நிக்கணும். எத்தன நாளைக்கு?" என்றார்.

மார்ச்சில் எஸ்தர் எழுதினாள். சூப்பர்வைசர் இடம் டிப்ளமா படித்த ஒருவனுக்குப் போய்விட்டது. ஃபைலை தேஷ்முக் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லையாம். ஞானராஜுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் இரவு சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று எழுதியிருந்தாள். திருமதி தேஷ்முக் வெறும் சாற்றின் பக்குவம் கேட்டு ஆள் அனுப்பினாராம்.

எங்கள் ஊரில் நாக்பூர் ஆரஞ்சு அவ்வளவாக வருவதில்லை. கிடைத்த கமலா ஆரஞ்சில் அதே பக்குவத்தில் சாறு செய்து பள்ளி ஆண்டு விழா அன்று ஆசிரியைகளுக்குக் கொடுத்தேன். எல்லோரும் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். உப்பும் தோலும் போட எங்கே படித்தீர்கள் டீச்சர் என்று கேட்டார்கள். பம்பாயில், தங்கை வீட்டில் என்றேன். தலைமையாசிரியை காலி டம்ளரை ஆட்டிப் பார்த்துக்கொண்டு, "இதுல இன்னும் ஏதோ ஒண்ணு சேத்தா எடுப்பா இருக்கும் போலத் தோணுதே, என்னது அது?" என்றார்.

"எலுமிச்சையா இருக்கும்" என்றேன்.