கொஞ்சமா எடுங்க

முடிதிருத்துபவருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘கொஞ்சம்’. கொஞ்சமாக எடுக்கச் சொல்லி உட்கார்ந்தவர்கள், எழுந்ததும் கண்ணாடியில் தங்களையே அடையாளம் தெரியாமல் விழித்ததால் வந்த பெயர் அது. பக்கத்தில் வேறு கடை இல்லாததால் எல்லோரும் அவரிடமே தலையைக் கொடுத்தார்கள். பெண்டாட்டி மட்டும் கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தன் முடி நுனியைத் தானே வெட்டிக்கொள்வாள். கோணலாகத்தான் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனிதருக்கு மனசு வலிக்கும். வெளியே சொல்ல மாட்டார்.

அவள் உயிரை வைத்திருந்தது வீட்டுப் பின்பக்கத்து ஹைபிரிட் ரோஜாவின் மேல். வாங்கும்போது அதில் தொங்கிய அட்டை ஏகத்துக்கும் அளந்திருந்தது. இடுப்பளவு புதராக வளருமாம், கொத்துக் கொத்தாகப் பூக்குமாம், ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று வருமாம், நோய் நொடி அண்டாதாம். நோய் விஷயத்தில் மட்டும் அட்டை சொன்ன சொல் தவறவில்லை. செடி ஜன்னலைத் தாண்டிக் கூரையை எட்டிப் பார்த்தது. முதல் வருஷம் பூத்ததோடு சரி.

நர்சரிக்காரம்மா வந்து பார்த்தாள். “புதுக் கிளையிலதான் பூ வரும். நீ வெட்டவே விடலேன்னா எப்படிப் பூக்கும்? முழங்கால் உயரத்துக்கு வெட்டு. வீட்டுலயே ஆள் இருக்காரே!”

முள்ளோடு மல்லுக்கட்டிக் கையெல்லாம் கீறிக்கொண்ட பிறகுதான் புருஷனைக் கூப்பிட்டாள்.

அவர் பழக்கதோஷத்தில், “எப்படி வெட்டணும்?” என்றார்.

“கொஞ்சமா.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. முழங்கால்கூட இல்லை, கணுக்கால் உயரத்துக்குத்தான் குச்சிகள் மிச்சம்.

அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் ‘ணங்’கென்று வந்து உட்காரும். அவர் பல் விளக்கும் சாக்கில் குச்சிகளையே சுற்றி வந்தார். வெட்டியது சீக்கிரம் வளர வேண்டுமே என்று அவர் தவித்தது அதுதான் முதல் தடவை.

துளிர்த்தது. இடுப்பளவு வந்தது. அட்டை சொன்னபடியே கொத்துக் கொத்தாகப் பூத்தும் விட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தார்.

“அப்ப என் தலை ஏன்யா பூக்கலை?” என்று கேட்டார் வழுக்கைத் தபால்காரர்.

அன்று கடை சாத்தும் நேரத்தில் அவள் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள்.

“கொஞ்சமா எடுங்க.”

அவர் சீப்பை எடுத்தார். சீவினார், மறுபடியும் சீவினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணல் நுனியை மட்டும் நேராக்கினார். கீழே விழுந்தது நகக்கண் அளவு.

அவள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “அட மனுஷா, கொஞ்சமா வெட்டத் தெரிஞ்சுதான் இருக்கு! அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா ஊரையே மொட்டையடிச்சீங்க?”

“அவங்க எழுந்து போயிடுவாங்கன்னு எனக்குப் பயம் இல்லையே” என்றார் அவர்.