ஒரே எண்ணுள்ள துப்பாக்கியும் பயனெட்டும்

அந்தத் துப்பாக்கி எங்களுடையது அல்ல. நாங்கள் குடியிருக்கும் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரர், முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் அதை விற்றுத் தரும்படி என் மனைவியிடம் ஒப்படைத்தார். அவருக்குச் சேகரிப்பாளர் நண்பர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வந்தார் என்று கேட்டேன். ஒன்றைச் செய்கிறேன் என்று உன் மனைவி சொல்லிவிட்டால் நான் அதைத் திரும்ப நினைவுபடுத்த வேண்டியிருக்காது என்றார்.

பிரெஞ்சுப் படையினர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய துப்பாக்கி. காகிதத்தில் சுற்றிய தோட்டாவை ஓர் ஊசி குத்தி வெடிக்கவைக்கும் வகை. அதன் முனையில் மாட்டும் பயனெட்டை வாள் என்றே சொல்லலாம். லேசாக வளைந்த அலகு, பித்தளைப் பிடி, நடுவே ஓர் இரும்புக் குறுக்குத்தண்டு. குழலிலும் அந்தக் குறுக்குத்தண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஜோடி பிரியாமல் கிடைப்பது அபூர்வமாம். இரண்டும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் பெரியவரின் ஒரே நிபந்தனை.

உரிமம் தேவைப்படாத பழம்பொருள்தானா என்று போலீஸில் கேட்டு உறுதிசெய்தேன். அளந்து, படமெடுத்து, விளம்பரம் கொடுத்தேன். அழைப்புகளைப் பேசியது மனைவி.

நகர மையத்திலிருந்து ஒருவர் பயனெட்டை மட்டும் கேட்டார். சுவரில் மாட்ட அதுதான் வசதி, துப்பாக்கி இடத்தை அடைக்கும் என்றார். நாங்கள் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்ட விலையை அதற்கு மட்டுமே தரத் தயாராக இருந்தார். மனைவி மறுத்துவிட்டாள். பிறகு பக்கத்துப் பகுதியான எப்சமிலிருந்து ஒருவர் இரண்டையும் கேட்டார். சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது பித்தளைப் பிடி குத்துவிளக்குப் போலப் பளபளத்தது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்று புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்தக் கறுத்த பழைய நிறத்தைத்தான் என்று சொன்னேன். பயனெட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசனுக்கு இப்பவே சொல்லவேணும்."

"வரட்டும்மா. நேர்ல பார்த்துட்டு அவரே முடிவு பண்ணட்டும். எப்சம் என்ன, பத்து நிமிஷம்தானே?"

"கிட்ட இருந்து வாறவரை ஏமாத்தலாமோ?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். செய்ததை அப்படியே சொன்னாள். தெரியாமல் செய்தேன் என்றுகூடச் சேர்க்கவில்லை. புளி எண்ணில் பட்டதா என்று மட்டும் அவர் கேட்டார். குறுக்குத்தண்டில் துணி சுற்றிவிட்டுத்தான் தேய்த்தேன் என்றாள். பிறகு டார்ச் அடித்து இரண்டு இடத்திலும் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டினாள். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இரும்பில புளி பட்டால் கறுக்கும் எண்டு தெரியாமலோ இவ்வளவு காலம் சமைக்கிறன்?"

அதே கையோடு முதியோர் இல்லத்துக்கும் பேசினாள். விலை குறையும், அது தன் தவறுதான் என்றாள். பெரியவர் சிரித்ததும், இரண்டும் சேர்ந்துதானே போகின்றன என்று கேட்டதும் எனக்கே கேட்டது.

எப்சம்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பூதக்கண்ணாடியோடு குழல், ஊசி, மரம் எல்லாவற்றையும் பார்த்தார். அந்த வேலைப்பாட்டை அவர் தொட்டுக் காட்டக் காட்ட, வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தும் நான் சரியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது. பிடியைப் பார்த்தபோது பெருமூச்சு விட்டார். பழைய நிறம் திரும்பத் தன் ஆயுள் போதாது என்றார். விலையைக் குறைத்தார், அது நியாயமான குறைப்புத்தான். ஆனாலும் நகர மையத்துக்காரர் முன்தினம் மறுபடியும் அனுப்பியிருந்த செய்தியை எடுத்து மனைவியிடம் நீட்டினேன். பிடியைத் தேய்த்ததை நான் அவருக்கு எழுதியிருந்தேன்; பளபளப்பாக இருந்தாலும் பயனெட்டை மட்டும் பழைய விலைக்கே எடுக்க அவருக்குச் சம்மதமாம். அவள் படித்தாள். போனை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பீர்களா என்று எப்சம்காரரிடம் கேட்டாள். நான் இருக்கும்வரை பிரிக்கமாட்டேன், அதற்குப் பிறகு எப்படி என்பதையும் எழுதிவைக்கிறேன் என்றார் அவர்.

"ஓம், அப்ப சரி" என்று என்னிடம் சொன்னாள். அவரிடம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள்.

அவர் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, இதைக் காரில் வைத்துவிட்டு மற்றதற்கு வருகிறேன் என்றார். மனைவி காத்திருக்கவில்லை. பயனெட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.