விரியில் ஒரு கைகலவாத சண்டை

சனிக்கிழமை மதியம் 12.40. சான்ட்ரிங்ஹாமில் பதினாறு டாலர் மசால் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். வயிறு நிறைந்ததால் அல்ல, பயத்தால். போகுமிடம் விரி என்ற புறநகர், தெற்கே பதினெட்டு கிலோமீட்டர். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் என் தம்பி மகள் நிலா ஹிப்-ஹாப் போட்டியில் ஆடுகிறாள். இன்று ஜெயித்தால் கடல் தாண்டி மெல்போர்ன் போகும் குழுவில் இடம். மூன்று வருட உழைப்பு.

வண்டி ஓட்டியவர் நிலாவின் தாய்மாமன் செல்வம், யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் பக்கத்தில் கும்பல்கள் உண்டு, சிவப்பும் நீலமும் அவர்களுடைய நிறங்கள் என்று காலையில் போனில் படித்திருந்தேன். அதனால் மஞ்சள் சட்டை.

"மஞ்சளும் ஒரு குழுவின்ர நிறம்தான், அண்ணை."

"வண்டியைத் திருப்புங்க."

"பயப்படாதேங்கோ. உங்கட வண்டியைப் பாத்தா ஒருத்தரும் அப்பிடி நினைக்கமாட்டினம்" என்று என் தொந்தியைக் காட்டினார். அவர் ஊரில் வண்டி என்றால் வயிறு.

நெடுஞ்சாலையில் அவரே பாடம் எடுத்தார். அமெரிக்கத் தெருக் கும்பல்களிடமிருந்து தலைத்துணியும் கைச்சைகையும், கும்பலின் பெயரைக் காலாலேயே தரையில் எழுதிக்காட்டும் அடியும் பாட்டுக்குள், ஆட்டத்துக்குள் வந்தனவாம். நிலா ஆடுவது கிரம்ப். கும்பலில் சேராமலிருக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த ஆட்டம்.

"அப்புறம் ஏன் அவ்வளவு கோபமா ஆடுறாங்க?"

"கோவத்தை எங்கயாவது கொண்டுபோய் இறக்கத்தானே வேணும்?"

1.10. நுழைவு பத்து டாலர். உள்ளே நான் எதிர்பார்த்த கத்தி எதையும் காணோம். சமோவா அம்மா ஒருவர் தேங்காய்ப்பால் பன் விற்றார், மூன்று டாலர். இரண்டு வாங்கினேன். தைரியத்துக்கு.

1.50. நிலாவின் கடைசிச் சுற்று. எதிரே சியோனே, டோங்காக்காரன். கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஆளே ஃபோர்க்லிஃப்ட் அளவு. நெஞ்சை உதறிக்கொண்டு வந்தான், தரை அதிர மிதித்தான், நிலாவின் மூக்கை நோக்கி முஷ்டியை வீசினான். தெருச்சண்டையை விலக்கிவிடுவதில் எனக்கு நாற்பது வருட மதுரை அனுபவம். பலசாலியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து "விடுப்பா, விடுப்பா" என்று சொல்ல வேண்டும். பாய்ந்து கட்டிப்பிடித்தேன்.

பாட்டு நின்றது.

"பெரியப்பா! என்ன செஞ்சீங்க?" நிலா தமிழில் கேட்டாள். வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட ஆங்கிலத்தில்தான். கண் கலங்கியிருந்தது.

செல்வம் தலையில் கைவைத்தார். "முட்டுற அளவுக்குப் போகலாம் அண்ணை, முட்டக்கூடாது. எந்தப் பக்கத்து ஆள் தொட்டாலும் அந்தப் பக்கம் தோல்வி."

நடுவர் பெண்மணி சியோனேயிடம் கேட்டார்: "இவர் உன்னைத் தொட்டாரா?"

கிடங்கே பார்த்திருந்தது. என் கைகள் அவன் இடுப்பைச் சுற்றி ஒன்றையொன்று எட்டக்கூட இல்லை. அவன் என்னைக் குனிந்து பார்த்தான்.

"இவரா? ஏதோ காத்தடிச்ச மாதிரி இருந்தது" என்றான் ஆங்கிலத்தில். கூட்டம் சிரித்தது. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "என் அண்ணன் கும்பல்ல இருந்தவன். அவன் நடந்து வர்ற நடையைத்தான் ஆடுறேன். அவன் அடிக்கிற இடத்துல நான் நிறுத்துவேன். அதைப் பார்க்கத்தான் இவங்க வந்திருக்காங்க. நீங்க அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க, அங்கிள்."

மறுபடி ஆடினார்கள். நிலாவின் முஷ்டி அவன் தாடைக்குக் கீழே ஒரு விரற்கடையில் நின்றது, அவன் இமைக்கவில்லை. மூன்று நடுவர்களில் இருவர் நிலாவின் பக்கம் கைகாட்டினார்கள். சியோனே அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

3.15. வாசலில் அவனைப் பிடித்தேன், இம்முறை வாயால் மட்டும். "'ஆமா, தொட்டார்'னு சொல்லியிருந்தா மெல்போர்ன் உனக்குத்தானே?"

"ஆமா. ஆனா அவளை நீங்களா தோற்கடிக்கிறது?" என்றான்.

அடுத்த வாரம் மதுரை திரும்புகிறேன். எங்கள் தெருவிலும் முஷ்டி ஓங்குபவர்கள் ஏராளம். ஓங்கியதைத் தானாக நிறுத்துகிறவனை மட்டும் பார்த்ததில்லை. விலக்கிவிட நாங்கள் இத்தனை பேர் காத்திருக்கையில் அவன் எதற்காக நிறுத்த வேண்டும்?