பூட்டிய அறையும் பிரகாசமும்

முதலியார்பேட்டை பிரகாசத்துக்குத் தன் பிரெஞ்சின் மேல் அலாதிப் பெருமை. அந்தப் பிரெஞ்சுக்காகத்தான் அவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. உள்ளே மூடி போட்ட ஒரு ஈயச் செப்பு. அதற்குள், புற்றுநோய் வைத்தியத்துக்காக எப்போதோ பிரான்சிலிருந்து வந்த இரண்டு கதிர்வீச்சுக் குழாய்கள். வைத்தியம் நின்றுபோயும் குழாய்கள் திரும்பிப் போகவில்லை. ஆனால் கொடுத்த நாடு மறக்கவில்லை. தங்கள் பொருள் வேறு கைக்குப் போய்விடவில்லையே என்று வருஷா வருஷம் கேட்டு எழுதுவார்கள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று பிரகாசம் அழகான பிரெஞ்சில் பதில் எழுதுவார்.

அழகுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் மனிதர் அந்தச் செப்பைத் திறந்து பார்த்ததும் இல்லை, கிட்டே போய் நின்றதும் இல்லை. அவ்வளவு பயம். ஆயுத பூஜைக்கு அறையைக் கழுவ வேண்டுமென்றால், பெருக்குகிற ஆயம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வராந்தாவின் கோடியில் போய் நின்றுகொள்வார். தனக்கு ஆகாதது அவளுக்கு மட்டும் ஆகுமா என்று அந்த நல்ல மனுஷன் ஒருநாளும் யோசித்ததில்லை. அவளிடம் யாரும் எதுவும் சொன்னதுமில்லை. பெரிய மனிதர்களே பயப்படுகிற பொருளென்றால் அதற்கு ஏதோ சக்தி இருக்க வேண்டும் என்று, மற்ற மிஷின்களைவிட அதற்குத்தான் அவள் தாராளமாகச் சந்தனம் பூசுவாள். செப்பின் மேலிருந்த எச்சரிக்கைப் படம் சந்தனத்துக்குள் மறைந்து வருஷங்களாகிவிட்டன.

2006 ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில் பிரகாசத்துக்கு உடம்பு படுத்தியது. சோறு இறங்கவில்லை. மாதா டாலர் தொங்குகிற இடத்தில், நெஞ்சில் ஒரு புண். வெந்நீர் கொட்டியது போலச் சிவந்து, தோல் உரிந்து, எந்தக் களிம்புக்கும் அடங்காமல் பரவியது.

"இன்னாங்க இது, ஆறவே மாட்டேங்குது? பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா கேக்கறீங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டாள் மனைவி அகஸ்டினா.

"பிரான்சுலேருந்து ஆள் வராங்கடி. நான் இல்லாம எப்படி? அது முடியட்டும், போறேன்."

அந்த வருஷம் கடிதத்தை மட்டும் நம்பாமல் ஓர் அதிகாரியையே அனுப்பியிருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் பிரகாசத்துக்குக் கைகொடுத்துவிட்டு, கையிலிருந்த, கதிர்வீச்சை அளக்கும் கருவியை முடுக்கினார். அது கடகடவென்று பொரிந்தது. அதிகாரியின் முகம் மாறியது.

"இங்கேயே இப்படிக் கத்துகிறதே! அப்படியானால் பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்றார் பிரகாசம் பிரெஞ்சில். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அதிகாரி அவரோடு உள்ளே நடந்தார். அறை வரைக்கும் கருவி அதே சத்தத்தோடு வந்தது. பிரகாசம் வழக்கப்படி சாவியை நீட்டிவிட்டு வராந்தாக் கோடிக்கு நடந்தார்.

அதிகாரி தனியாக உள்ளே போனார். கருவியின் சத்தம் அடங்கிவிட்டது. செப்பின் மூடியைத் திறக்கும் ஓசை கேட்டது. அப்போதும் கருவி வாய் திறக்கவில்லை. செப்பு காலி.

அவர் வெளியே வந்து பிரகாசத்தை நோக்கி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் கருவி மறுபடி பலமாகப் பொரிந்தது. பாதி வழியில் அவர் நின்றுவிட்டார்.

"உங்கள் கழுத்தில் என்ன?"

பிரகாசம் சட்டைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்தார். மாதா டாலரும், அதை ஒட்டி, ஆயம்மா முட்டிவலிக்குக் கொடுத்த தாயத்தும். அவள் மனசு நோகக் கூடாதென்று கட்டிக்கொண்டது. விரல் கணுவளவு எஃகுக் குழாய்.

"வீசுங்கள்! வீசிவிட்டு ஓடி வாருங்கள்!"

கயிற்றை அறுத்து வீசினார். நெஞ்சுப் புண் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குழாயடியில் நின்ற ஆயம்மாவைக் கூப்பிட்டார். அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"இது எங்க கெடச்சுது ஒனக்கு?"

"பூஜைக்குப் பழைய சந்தனத்தக் கழுவறப்போ மூடி கழண்டுகிச்சு சார். உள்ள ரெண்டு தாயத்து கெடந்துது. இத்தினி வருஷம் பூஜ வாங்குனதாச்சேன்னுதான் ஒன்ன உங்களுக்குக் குடுத்தேன்."

"இன்னொன்னு எங்க?"

ஆயம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் வந்தது.

"எம் பொண்ணு சந்திரகலா முழுவாம இருக்கா இல்ல சார்? புள்ள நல்லபடியா பொறக்கட்டும்னு அவ இடுப்புல கட்டி உட்டிருக்கேன்."