அக்காவின் பதவிப்பெயர்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அக்காவின் நிறுவனம் தன் செயலியின் புதிய பதிப்பை வெளியிட்டது. அடுத்த சில நிமிடங்களில், எந்தச் சரக்கை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் சுமைச் சீட்டு லாரி ஓட்டுநர் எவருக்கும் கைபேசியில் வரவில்லை என்று தகவல் வந்தது. மறுநாள் காலை நாமக்கல்லில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அக்கா உடன் வருவதாகச் சொல்லியிருந்தாள். இத்தகைய வெள்ளிக்கிழமைகளால் இருமுறை தள்ளிப்போன அறுவை அது. மிளகு பறிக்க மரத்தில் சார்த்தும் ஒற்றை மூங்கில் ஏணியின் கணுப்படியைக்கூட அம்மா இப்போது காலால் தடவித்தான் அறிகிறார்.

லாரிகளுக்குச் சரக்கு பிடித்துக்கொடுக்கும் சிறிய நிறுவனம் அது. முன்பு அலுவலகம் போய்வந்த அக்கா, இப்போது மலைமேல், திண்ணனூர் நாட்டில் எங்கள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். சிக்னல் மட்டும் வீட்டில் நிற்பதில்லை. மரவள்ளிக் காட்டுக்கு மேலுள்ள பாறைக்குப் போக வேண்டும். அன்று தூறல். கல்லூரி விடுமுறையில் இருந்த நான் மடிக்கணினிக்குக் குடை பிடிக்க உடன் போனேன்.

டெவ்ஆப்ஸ் என்ற சொல்லை அக்கா எனக்கு முதலில் விளக்கியபோது அது யாருடைய பதவிப்பெயராகவும் இல்லை. நிரலை எழுதுபவரும் அதை இயக்கிக் காப்பவரும், எழுதுவது முதல் ஓடுவது வரை சேர்ந்து சுமப்பது, அவ்வளவுதான் என்றாள். அவள் வேலையில் சேர்ந்த புதிதில் அந்த நிறுவனத்தார் அப்படித்தான் இருந்தார்கள். ஏதேனும் நின்றுபோனால், எழுதியவரே அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். ஓட்டுநரின் கைபேசிக்குச் சீட்டு போய்ச் சேரும்வரை எழமாட்டார். பிறகு நிறுவனம் வளர்ந்தது. ‘நாமும் டெவ்ஆப்ஸுக்கு மாறுகிறோம்’ என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. சர்வர்களைப் பார்த்துவந்த அக்காவின் பெயருக்குக் கீழே ‘டெவ்ஆப்ஸ் இன்ஜினியர்’ என்று சேர்த்தார்கள். ஊதியமும் சற்று உயர்ந்தது, அக்கா மகிழ்ந்து ஊரில் வீடு வீடாக மிட்டாய் கொடுத்தாள். அந்த ஒரு பெயரால் மற்ற அனைவரும் விடுவிக்கப்பட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. இரு தரப்புக்கும் நடுவே இருந்த சுவரை இடிக்க வந்த கொள்கை அது. இவர்களோ சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்து, அதன் பின்னால் அக்காவை உட்காரவைத்திருந்தார்கள்.

பாறையில் அமர்ந்தபோது அந்த ஜன்னல் வழியாக ஒரு டிக்கெட், அதாவது பழுதுப் புகார், வந்திருந்தது: ‘வெளியீடு தோல்வி. டெவ்ஆப்ஸ் கவனிக்கவும்.’ அனுப்பியவர், முன்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த அதே மனிதர். அக்கா அவரை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“சீட்டு நம்பர் வர்ற எடத்துல என்னங்க மாத்துனீங்க?”

“டிக்கெட்ல போட்டிருக்கேனுங்களே.”

“அதுல இல்லீங்க. அது தெரியாம நான் பழைய பதிப்புக்குத் திருப்புனா, இன்னைக்குப் பதிவான லோடெல்லாம் காணாமப் போயிரும்.”

“என் லேப்டாப்புல நல்லாத்தானுங்க ஓடுச்சு. அதுக்கு மேல உங்க ஏரியா. நான் கெளம்பிட்டேன், பாப்பாவுக்குப் பொறந்தநாளு.”

“உங்க லேப்டாப்புலயா லாரி ஓடுதுங்க?” என்றாள் அக்கா. அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பிறந்தநாளுக்குப் போகட்டும், என் எரிச்சல் அதன்மேல் இல்லை. என்ன மாற்றினார் என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருடைய மூன்று வாக்கியத்துக்காக அக்கா இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவருடைய நிரலை வரிவரியாகப் படித்தாள். இருட்டும் முன் பிழையைக் கண்டு திருத்தினாள். சீட்டுகள் போகத் தொடங்கின. அப்போது மேலாளர் அழைத்தார்.

“சூப்பர். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க.”

“நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேசனுங்க. எழுதுனவரு பாக்கட்டுமே.”

“அவரு டெவலப்பருங்க. டெவ்ஆப்ஸ் நீங்கதானே? திங்கக்கிழமை டீம் கல்ச்சர் பத்தி ஒரு செஷன் வச்சிருக்கோம், அதுல பேசிக்கலாம்.”

அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு இறங்கி வந்து, அக்கா நாளை வர முடியாது என்று அம்மாவிடம் சொன்னோம்.

“ஒடச்சவன் எங்க கண்ணு?” என்றார் அம்மா.

“பொறந்தநாளுக்குப் போயிட்டாரும்மா. அவரு எழுதறவரு. நான் டெவ்ஆப்ஸ்.”

“அப்படின்னா, ஒடஞ்சதப் பொறுக்கறவளா?”

“அப்படித்தான் வச்சிருக்கறாங்க.”

“இதுக்கா அன்னைக்கு ஊடுஊடா மிட்டாய் குடுத்தே?” அம்மா சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: “செரி சாமி, ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“நான் கூட்டிட்டுப் போறேம்மா,” என்றேன்.

“நீ ஆஸ்பத்திரி வாடைக்கே மயங்கி உழுவே. அதெல்லாம் பெரியவ வேலை.”

அக்காவும் தலையசைத்தாள். அன்று பாறையில் கேட்ட எதுவும் தராத சினத்தை அந்தத் தலையசைப்பு எனக்குத் தந்தது. அம்மாவின் மருந்து, மருத்துவர், பரிசோதனை எல்லாம் அக்காவின் துறை என்று எங்கள் வீட்டிலும் எப்போதோ முடிவாகியிருந்தது. அந்த முடிவில் நானும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறேன். “அடுத்த மாசமும் வெள்ளிக்கெழம வரும்மா,” என்று மட்டும் சொன்னேன். பரிசோதனைத் தாள்கள் எங்கே இருக்கின்றன, எந்தச் சொட்டு மருந்தை எப்போது விட வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மறுநாள் காலை அக்கா பாறைக்கு ஏற, நான் அம்மாவுடன் முதல் பேருந்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் அந்த வாடை வந்தது. வாயால் மூச்சு விட்டேன். “பேஷண்ட் கூட யாருங்க?” என்று செவிலியர் கேட்டார். நான்தான் என்று சொல்லி, அம்மாவின் தோடுகளைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.